கேரளா மாதிரி கர்நாடகமும் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தினால் மார்டள்ளிக்கு என்ன கிடைக்கும்?

காட்டு விலங்கு ஊருக்குள் வந்து ஆளைத் தாக்கினால், மத்திய அரசின் நடைமுறைகளுக்காகக் காத்திருக்காமல் மாநிலமே உடனே நடவடிக்கை எடுக்கலாம் என்று சொல்லும் மசோதாவை 2025 அக்டோபரில் கேரள சட்டமன்றம் நிறைவேற்றியது. திருத்தப் பார்ப்பது சாதாரணச் சட்டத்தை அல்ல, 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை. நாடாளுமன்றம் போட்ட சட்டம் அது. கேரளாவால் முடியும் என்றால் கர்நாடகத்தால் முடியாதா என்று காட்டோர ஊர்க்காரர்கள் கேட்பதில் தப்பே இல்லை.

அப்படி ஒரு காட்டோர ஊர்தான் மார்டள்ளி. மாதேஸ்வரன் மலைக் காடுகளை ஒட்டி, தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. முன்பு மைசூரு மாவட்டம். 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதோடு போனது. இப்போது ஹனூர் தாலுகா. வீட்டில் தமிழ், ஆபீசில் கன்னடம் என்று வாழும் ஊர். அங்கிருந்து படித்துவிட்டு பெங்களூரிலோ கோவையிலோ வேலை பார்ப்பவர்களுக்கு, கடந்த வருடம் வீட்டிலிருந்து இப்படி ஒரு போன் வந்திருக்கலாம்: "தம்பி, மாட்டை இனிமே காட்டுக்குள்ள விடக்கூடாதாம். நிஜமா?"

பதில் கொஞ்சம் நீளம். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். புலி ஊருக்குள் வந்தால் என்ன செய்வது என்பதைத்தான் கேரள மசோதா பேசுகிறது. மாடு காட்டுக்குள் போனால் என்ன ஆகும் என்பதைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. மார்டள்ளிக்காரர்களின் தலைவலி இந்த இரண்டாவது விஷயம்.

2025-ல் என்ன நடந்தது?

மாதேஸ்வரன் மலை வனவிலங்கு சரணாலயத்தின் ஹூக்யம் வனச்சரகத்தில் 2025 ஜூன் 26 அன்று ஒரு தாய்ப்புலியும் அதன் நான்கு குட்டிகளும் இறந்து கிடந்தன. புலி அடித்துப் போட்ட மாட்டின் உடலில் விஷம் வைக்கப்பட்டிருந்தது. சிலர் கைது செய்யப்பட்டார்கள். வனத்துறை அதிகாரிகள் மீதும் நடவடிக்கை பாய்ந்தது. ஒரே நாளில் ஐந்து புலிகள் என்பதால் செய்தி நாடு முழுக்கப் போனது. 2022 கணக்கெடுப்பின்படி 563 புலிகளோடு மத்தியப் பிரதேசத்துக்கு அடுத்த இடத்தில் இருக்கும் மாநிலம் கர்நாடகம். அரசுக்கு இது பெரிய அவமானம்.

அடுத்த மாதமே வனத்துறை அமைச்சர் ஈஸ்வர் கந்த்ரே, காடுகளில் கால்நடை மேய்ச்சலைத் தடுக்கச் சொல்லி அதிகாரிகளுக்குக் குறிப்பு அனுப்பினார். தமிழ்நாட்டுக் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை வந்த பிறகு அங்கிருந்து மாடுகள் எல்லை தாண்டி இங்கே வருகின்றன என்பதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. எதிர்ப்பு கிளம்பியதும் இது எல்லாக் காடுகளுக்கும் இல்லை, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்குத்தான் என்று விளக்கம் வந்தது.

இந்தப் பின்வாங்கல் தமிழ்நாட்டில் நடந்ததன் நகல் மாதிரியே இருந்தது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் தமிழகத்தின் எல்லா வனப்பகுதிகளிலும் மேய்ச்சலுக்குத் தடை போட்டது. அதே மாதத்தில் அதை மாற்றி, சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் பர்கூர் மலையில், காட்டுக்குள் பட்டி போட்டு வளர்க்கப்படும் பர்கூர் மாட்டின் கதையே இந்த வழக்கத்தோடு பின்னிக் கிடக்கிறது. காடு ஒன்றுதான். நடுவே ஒரு மாநில எல்லை போகிறது. ஒரு பக்கம் கதவைச் சாத்தினால் மாடு இன்னொரு பக்கம் வரத்தான் செய்யும்.

வனத்துறை தரப்பிலும் நியாயம் இருக்கிறது. நூற்றுக்கணக்கில் மாடுகள் இறங்கினால் மானுக்கும் காட்டெருமைக்கும் புல் மிஞ்சாது. கோமாரி போன்ற நோய்கள் பரவும். அதனால்தான் சரணாலயத்தைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்று சட்டத்திலேயே ஒரு பிரிவு (33ஏ) இருக்கிறது. மேய்ச்சலுக்கு வரும் மாடு புலிக்கு எளிதான இரை. அங்கிருந்துதான் விஷம் வரை கதை போகிறது.

ஆனால் முழுத் தடையில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. மேய்ச்சலே குற்றம் என்று ஆகிவிட்டால், காட்டுக்குள் மாட்டைப் பறிகொடுத்தவர் ரேஞ்சர் ஆபீசுக்குப் போய் இழப்பீடு கேட்க மாட்டார். கேட்டால் அவர்மேலேயே வழக்கு வரலாம். மாடு செத்த செய்தியே வனத்துறைக்குப் போகாது. செத்த மாடும் கோபமும் மட்டும் அங்கே இருக்கும். ஹூக்யம் மாதிரி சம்பவத்தைத் தடுக்க வேண்டும் என்றால், மாடு அடிபட்ட அன்றே தகவல் வனத்துறைக்கு வருவதுதான் முதல் தேவை.

அமைச்சரின் குறிப்பு சட்டம் ஆகுமா?

ஆகாது. மேய்க்கலாமா கூடாதா என்பது அந்தக் காட்டுக்குச் சட்டம் என்ன பெயர் வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. சாதாரணக் காப்புக்காடு என்றால் 1963-ம் ஆண்டின் கர்நாடக வனச் சட்டம். தேசியப் பூங்கா என்றால் மேய்ச்சல் அறவே கிடையாது. வனவிலங்குச் சட்டத்தின் 35(7) பிரிவு நேரடியாகவே தடுக்கிறது.

மாதேஸ்வரன் மலை 2013-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 900 சதுர கிலோமீட்டருக்கு மேல். சரணாலயத்துக்கான விதி 33(டி). அதன்படி மேய்ச்சலை "ஒழுங்குபடுத்தலாம், கட்டுப்படுத்தலாம், தடை செய்யலாம்". மூன்றில் எது என்று முடிவு செய்வது மாநிலத்தின் தலைமை வனவிலங்குக் காப்பாளர். 29-வது பிரிவு இன்னொரு படி மேலே போய், இப்படி அனுமதிக்கப்பட்ட மேய்ச்சல் சரணாலயத்தைச் சேதப்படுத்தும் குற்றமாகக் கருதப்படாது என்கிறது. சரணாலயத்தில் மேய்ச்சல் என்றாலே சட்ட விரோதம் என்று சிலர் சொல்வது சரியில்லை. அனுமதிக்கும் அதிகாரமும் சட்டத்தில் இருக்கிறது, அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் சண்டை.

கேரள மசோதாவில் என்ன இருக்கிறது?

இப்போதுள்ள சட்டப்படி புலி, யானை போன்ற முதல் அட்டவணை விலங்கு மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்டால், அதைக் கொல்ல 11-வது பிரிவின் கீழ் தலைமை வனவிலங்குக் காப்பாளர் அனுமதி தரலாம். ஆனால் பிடிக்கவோ, மயக்க ஊசி போடவோ, வேறு இடத்துக்கு மாற்றவோ முடியாது என்று அவர் திருப்தி அடைந்திருக்க வேண்டும். இதற்கு மேல் மத்திய அரசும் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையமும் வகுத்த வழிகாட்டு நடைமுறைகள் வேறு: கமிட்டி, கேமரா, அறிக்கை என்று போகும். ஆள் செத்த வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது எப்படித் தெரியும் என்று சொல்லத் தேவையில்லை.

கேரளா இதைச் சுருக்கப் பார்க்கிறது. மக்கள் நடமாடும் இடத்தில் விலங்கு ஒருவரைக் கடுமையாகத் தாக்கினால், கலெக்டரோ மூத்த வன அதிகாரியோ தரும் அறிக்கையின் பேரில் தலைமை வனவிலங்குக் காப்பாளர் உடனடியாக உத்தரவு போடலாம். இரண்டாம் அட்டவணையில் உள்ள காட்டுப்பன்றி போன்ற விலங்குகளைக் குறிப்பிட்ட பகுதியில், குறிப்பிட்ட காலத்துக்கு 'தீங்கு விலங்கு' என்று அறிவிக்கும் அதிகாரம் இப்போது 62-வது பிரிவின் கீழ் மத்திய அரசிடம் இருக்கிறது. அதை மாநிலத்துக்கு எடுத்துக்கொள்கிறது. நாட்டுக்குரங்கை முதல் அட்டவணையிலிருந்து இரண்டாவதுக்கு இறக்குகிறது.

கர்நாடகம் இதை அப்படியே எடுத்துக்கொண்டால் மார்டள்ளிப் பக்கம் காட்டுப்பன்றி சோளத்தையும் ராகியையும் தின்னும் பிரச்சினைக்குக் கொஞ்சம் பலன் இருக்கலாம். புலிக்கு விஷம் வைப்பது முன்பு போலவே குற்றம்தான், 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. மேய்ச்சல் விதியில் ஒரு எழுத்துகூட மாறாது.

மத்திய சட்டத்தை மாநிலம் திருத்த முடியுமா?

முடியும். நமக்குத் தெரிந்த உதாரணமே இருக்கிறது, ஜல்லிக்கட்டு. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் மத்திய சட்டம். அதற்குத் தமிழ்நாடு 2017 ஜனவரி 23 அன்று ஒரு திருத்தம் நிறைவேற்றியது. அதே மாதம் 31-ம் தேதிக்குள் ஜனாதிபதி ஒப்புதல் வந்துவிட்டது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. கம்பளாவுக்காகக் கர்நாடகமும் அதே வழியில் போயிருக்கிறது.

வனமும் வனவிலங்குப் பாதுகாப்பும் முதலில் மாநிலப் பட்டியலில் இருந்தன. 1976-ல் 42-வது அரசியல் சாசனத் திருத்தம் அவற்றைப் பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோனது. பொதுப்பட்டியலில் மாநிலச் சட்டம் மத்திய சட்டத்தோடு மோதினால் மத்திய சட்டம்தான் நிற்கும். ஆனால் 254(2) பிரிவின்படி ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்துவிட்டால், அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டம் நிற்கும்.

ஜல்லிக்கட்டுக்கு எட்டு நாளில் கிடைத்தது எல்லாருக்கும் கிடைக்காது. அன்றைக்கு மெரினா நிறைந்திருந்தது, மத்திய அரசும் ஒத்துக்கொண்டது. நீட் விலக்கு மசோதாவை 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு இரண்டாவது முறை நிறைவேற்றி அனுப்பியது; ஒப்புதல் மறுக்கப்பட்டுவிட்டது என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தது 2025 ஏப்ரலில். அதே ஏப்ரலில் உச்ச நீதிமன்ற இரண்டு நீதிபதி அமர்வு, ஜனாதிபதி மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றது. நவம்பரில் ஐந்து நீதிபதி அமர்வு, அப்படி நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது என்று கருத்து சொல்லிவிட்டது. ஆக, கர்நாடகம் இன்றைக்கே மசோதா கொண்டுவந்து சட்டசபை, மேலவை இரண்டிலும் நிறைவேற்றினாலும், டெல்லியில் அது எத்தனை நாள் கிடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஓட்டெடுப்பே இல்லாமல் வரக்கூடிய பெரிய மாற்றம்

சட்டசபையில் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தால், மார்டள்ளியை உண்மையிலேயே மாற்றக்கூடிய முடிவு கண்ணில் படாமல் போய்விடும். மாதேஸ்வரன் மலையைப் புலிகள் காப்பகமாக்கும் யோசனை பல வருடங்களாகப் பேச்சில் இருக்கிறது. உள்ளூர் எதிர்ப்பால் தள்ளிக்கொண்டே போகிறது. ஐந்து புலிகள் செத்த பிறகு அந்தக் கோரிக்கை மறுபடி சூடு பிடித்தது. வந்தால், பந்திப்பூர், நாகரஹொளே, பத்ரா, காளி, பி.ஆர்.டி. என்ற ஐந்துக்கு அடுத்து மாநிலத்தின் ஆறாவது காப்பகம் இதுவாகலாம்.

இதற்கு மசோதா வேண்டாம். எம்.எல்.ஏ.க்கள் கை தூக்க வேண்டாம். 2006-ல் வனவிலங்குச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 38வி பிரிவின்படி, புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் பரிந்துரையின் பேரில் மாநில அரசு ஒரு அறிவிக்கை வெளியிட்டால் போதும். அரசிதழில் சில பக்கம்.

போவது சுலபம், திரும்புவது கஷ்டம். 38டபிள்யூ பிரிவின்படி, ஒருமுறை அறிவித்த காப்பகத்தின் எல்லையை மாநிலம் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ரத்து செய்ய வேண்டும் என்றால் பொது நலன் காட்ட வேண்டும்; புலிகள் ஆணையமும் தேசிய வனவிலங்கு வாரியமும் ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த தேர்தலில் ஆட்சி மாறினால் சரியாகிவிடும் என்று நினைக்கிற விஷயம் இல்லை இது.

காப்பகத்துக்குள் இரண்டு வட்டம். உள்ளே மையப்பகுதி, மனிதத் தலையீடு இல்லாமல் வைக்கப்பட வேண்டிய இடம். வெளியே இடைப்பகுதி, அங்கே மக்களும் விலங்கும் சேர்ந்து வாழலாம், வாழ்வாதார உரிமைகளுக்கு இடம் உண்டு. இடைப்பகுதியின் எல்லையை முடிவு செய்யும்போது சம்பந்தப்பட்ட கிராமசபையைக் கலந்து பேச வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மையப்பகுதிக்கு அந்த வரி இல்லை, நிபுணர் குழு மட்டும்தான். ஆனால் அங்கேயும் பழங்குடியினர், மற்ற காட்டுவாழ் மக்கள் ஆகியோரின் உரிமைகளைப் பாதிக்காமல்தான் செய்ய வேண்டும். யாரையும் கட்டாயப்படுத்தி வெளியேற்ற முடியாது. உரிமைகளை முதலில் அங்கீகரிக்க வேண்டும், கிராமசபையின் சம்மதம் வேண்டும், குடும்பமும் சம்மதிக்க வேண்டும்.

காகிதத்தில் இது நல்ல பாதுகாப்பு. ஆனால் 2024 ஜூனில் புலிகள் ஆணையம் மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தைப் படித்தவர்களுக்குத் தூக்கம் வராது. நாடு முழுக்கக் காப்பகங்களின் மையப்பகுதிகளில் 591 கிராமங்களில் 64,801 குடும்பங்கள் இருக்கின்றன, அவர்களை இடம் மாற்றுவதற்குத் திட்டம் கொடுங்கள் என்று கேட்டது அந்தக் கடிதம். இடம் பெயரும் குடும்பத்துக்கான தொகை 15 லட்சம் ரூபாய். பெங்களூரில் இருப்பவர்களுக்கு அந்தப் பணத்தில் என்ன வாங்க முடியும் என்பது தெரியும்.

மாதேஸ்வரன் மலைப் பக்கம் காக்கி உடை பற்றிய நினைவும் வேறு மாதிரி. வீரப்பன் தேடுதல் வேட்டைக் காலத்தில் அதிரடிப்படையால் பாதிக்கப்பட்டவர்கள் பற்றித் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா குழுவை அமைத்து விசாரித்தது, பின்னர் பலருக்கு நிவாரணமும் வழங்கப்பட்டது. அங்கே "அறிவிக்கை" என்ற சொல் வெறும் காகிதமாகக் காதில் விழாது.

காப்பகம் வந்தாலே ஊர் காலி என்றும் அர்த்தம் இல்லை. பக்கத்திலேயே பி.ஆர்.டி. இருக்கிறது. அது 2011-ல் புலிகள் காப்பகமானது. அதே வருடம் அங்குள்ள சோலிகர் மக்களின் பல கிராமசபைகளுக்கு வன உரிமைச் சட்டத்தின் கீழ் சமூக வன உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் இப்படிக் கிடைத்தது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. அவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், புலியும் இருக்கிறது.

சோலிகருக்குக் கிடைத்தது மார்டள்ளிக்குக் கிடைக்குமா?

இங்கேதான் சிக்கல். 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலை உரிமையாகவே ஏற்கிறது. 3(1)(டி) பிரிவு, நிலையாகத் தங்கியவர்களுக்கும் இடம் பெயர்ந்து மேய்ப்பவர்களுக்கும். சோலிகர் பட்டியல் பழங்குடியினர். அவர்கள் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அங்கே இருந்ததைக் காட்டினால் போதும். மார்டள்ளியின் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலோர் பழங்குடிப் பட்டியலில் இல்லை. அவர்கள் 'இதர பாரம்பரியக் காட்டுவாழ் மக்கள்' என்ற வகையில்தான் கேட்க முடியும். அந்த வகைக்கு நிபந்தனை மூன்று தலைமுறை, அதாவது அந்தத் தேதிக்கு முந்தைய 75 வருடம். கணக்குப் போட்டால் 1930.

காட்டுக்குள்ளேயே வீடு இருக்க வேண்டும் என்று இல்லை. காட்டை நம்பிப் பிழைப்பவர்கள் காட்டுக்கு வெளியே குடியிருந்தாலும் இந்த வகையில் வரலாம் என்று 2008-ல் பழங்குடியினர் விவகார அமைச்சகம் விளக்கியிருக்கிறது. 75 வருடம் என்பது வசித்ததற்கான கணக்குதான், ஒரே நிலத்தை 75 வருடம் கையில் வைத்திருந்ததாகக் காட்டத் தேவையில்லை.

சரி, 1930-ல் மார்டள்ளி எங்கே இருந்தது? மைசூர் சமஸ்தானத்தில் இல்லை. கொள்ளேகால் தாலுகா அப்போது சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1 மொழிவாரிப் பிரிவினையில்தான் மைசூர் மாநிலத்துக்குப் போனது. இன்றைய கர்நாடக பஹணியில் தாத்தா பெயர் இருக்கலாம். அவருடைய அப்பா 1930-ல் அங்கே இருந்தார் என்பதற்கான அரசுக் காகிதம் வேறொரு மாநிலம் வைத்திருந்த பதிவேட்டில், அடங்கல், செட்டில்மென்ட் என்று வேறு பெயரில் இருக்கும். உரிமை கோரும் மனுவைப் பார்க்கும் சாமராஜநகர் அதிகாரியிடம் அந்தக் காகிதம் இருக்க வாய்ப்பு குறைவு. எல்லை மாறியதற்கான விலையை மனு போடுகிறவரே கட்ட வேண்டியிருக்கிறது.

அரசுப் பதிவேடு மட்டுமே ஆதாரம் என்று சட்டம் சொல்லவில்லை, இது முக்கியம். விதி 13 நீளமான பட்டியல் தருகிறது. மக்கள்தொகைக் கணக்கு, கெசட்டியர், வரைபடம், நீதிமன்ற ஆவணம், பழைய கிணறு, இடுகாடு, வழிபாட்டு இடம், வம்சாவளி, மனு போடாத வேறு பெரியவர்களின் எழுத்து வாக்குமூலம். இவற்றில் ஒன்றுக்கு மேல் காட்டச் சொல்கிறது. தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடும் அடக்கப் பதிவேடும் இந்த ஊரில் வம்சாவளியைக் காட்ட நல்ல துணையாக இருக்கும். ஆனால் பெரியவர்களின் வாக்குமூலம் காத்திருக்காது. 1930-களைப் பற்றித் தன் அப்பா சொல்லிக் கேட்டதைச் சொல்லக்கூடிய தலைமுறைக்கே இப்போது எண்பது வயதுக்கு மேல்.

மனுவை வாங்குவது தாலுகா ஆபீசும் இல்லை, வனத்துறையும் இல்லை. கிராமசபை. பஞ்சாயத்துக் கூட்டம் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். ஊரின் வயது வந்த எல்லாரும் சேர்ந்த சபை. அது 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். தீர்மானம் போடப் பாதிப் பேர் வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தனிநபர் உரிமைக்குப் படிவம் ஏ. மேய்ச்சல் மாதிரி ஊருக்குப் பொதுவான உரிமைக்குப் படிவம் பி. வேலைக்காக வெளியூரில் இருப்பவர்களால் இந்த 'பாதிப் பேர்' கணக்கு இடிக்கும் என்பதால், கிறிஸ்துமஸ், திருவிழா என்று எல்லாரும் ஊரில் இருக்கும் நாளைப் பார்த்துக் கூட்டத்தை வைப்பது நல்லது.

உரிமைகளைச் சரிபார்த்து முடிக்கும்வரை யாரையும் வனநிலத்திலிருந்து வெளியேற்றக் கூடாது என்று வன உரிமைச் சட்டத்தின் 4(5) பிரிவு சொல்கிறது. மனுவே போடாதவருக்கு இந்தப் பிரிவைக் காட்டி வாதாடுவது கடினம். காப்பக அறிவிக்கை வருவதற்கு முன்பே கிராமசபைத் தீர்மானமும் படிவம் பி-யும் பதிவாகி, ஒப்புகை ரசீது கையில் இருந்தால், இடைப்பகுதி எல்லையைப் பற்றிக் கலந்து பேச வரும் அதிகாரிக்கு முன்னால் ஊர் ஒரு உரிமைதாரராக உட்கார்ந்திருக்கும்.

பழைய பதிவேடுகளைத் தேட ஆரம்பிக்க வேண்டிய இடம் கொள்ளேகால் தாலுகா அலுவலகம். அங்கே இல்லாவிட்டால் கோவை கலெக்டர் அலுவலகத்தின் ஆவண அறை, அதற்கும் அப்பால் சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். இந்த நகரங்களில் வேலை பார்க்கும் ஊர்ப் பிள்ளைகள் லீவு போட்டு ஒருநாள் போய்வரக்கூடிய தூரம்தான்.